கம்ப்ரஷனும் ஈக்யூவும்: ரெக்கார்டிங், மிக்ஸிங் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரலையோ கருவியையோ ரெக்கார்ட் செய்து, பிறகு உட்கார்ந்து மிக்ஸ் செய்யத் தொடங்கியவர்களுக்கு வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கம்ப்ரஷன் என்பது ஓங்கிய ஒலியை அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது; ஈக்யூ என்பது ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டுவது, குறைப்பது. எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் விஷயம் ஒன்றுதான். எண்கள் கொடுத்திருக்கும் இடங்களில் அவற்றைத் தொடங்கும் இடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் சத்தத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

குறைக்கும். நீங்கள் ஒரு கோடு போட்டுவைக்கிறீர்கள், அதுதான் த்ரெஷோல்ட். ஒலி அந்தக் கோட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியைக் கம்ப்ரஸர் அழுத்தும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ரேஷியோ சொல்லும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரில் பூஜ்யம்தான் உச்சம், மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே மைனஸில். த்ரெஷோல்ட் -20 டெசிபல், ரேஷியோ 4:1. பாடகர் ஓங்கிப் பாடும் இடம் -8 டெசிபலைத் தொடுகிறது. கோட்டை 12 டெசிபல் தாண்டியாயிற்று. 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3. ஆக, வெளியே வருவது -17. மீட்டரில் குறைத்த அளவாக 9 டெசிபல் கெயின் ரிடக்‌ஷன் காட்டும். அதே வரியில் மெதுவாகப் பாடிய இடம் -24 என்றால், அது கோட்டுக்குக் கீழே இருக்கிறது. கை படாமல் அப்படியே போய்விடும். முன்பு இரண்டுக்கும் நடுவே 16 டெசிபல் இடைவெளி இருந்தது, இப்போது 7.

இதற்குப் பிறகு மேக்கப் கெயின் என்ற குமிழைத் திருப்பி மொத்தத்தையும் தூக்குகிறோமே, அங்கேதான் சத்தம் கூடுகிறது. கம்ப்ரஸர் சத்தத்தைக் கூட்டும் என்ற எண்ணம் வருவதும் இதனால்தான். பல பிளகின்களில் (மென்பொருளுக்குள் போடும் கருவிகளில்) மேக்கப் தானாகவே நடக்கும். முதலில் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்று கேட்கவே முடியாது.

அட்டாக், ரிலீஸ் எனக்குக் காதில் பிடிபடவே இல்லை. எப்படிக் கேட்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ரேஷியோ 3-ஆ 4-ஆ என்று தவிப்பவர்கள் அதிகம். ஒலியின் குணத்தை மாற்றுவதோ இந்த இரண்டு குமிழ்கள்தான்.

அட்டாக் என்பது, ஒலி கோட்டைத் தாண்டிய பிறகு கம்ப்ரஸர் முழுப் பிடியையும் போட எடுத்துக்கொள்ளும் நேரம். ரிலீஸ் என்பது, ஒலி இறங்கிய பிறகு பிடியை விட எடுத்துக்கொள்ளும் நேரம். இரண்டும் மில்லி விநாடிக் கணக்கு என்பதால், லேசாகப் போட்டுக் கேட்டால் ஒன்றும் புரியாது. வேண்டுமென்றே மிகையாகப் போட்டுப் பழக வேண்டும்.

ஒரு குரல் ட்ராக்கை எடுத்து, நான்கைந்து விநாடி வரும் ஒரு வரியை லூப்பில் ஓட விடுங்கள். ரேஷியோவை 10:1 வையுங்கள். கெயின் ரிடக்‌ஷன் 15 டெசிபல் வரும்வரை த்ரெஷோல்டைக் கீழே இறக்குங்கள். அட்டாக்கை இருப்பதிலேயே மெதுவாகவும் ரிலீஸை இருப்பதிலேயே வேகமாகவும் வையுங்கள். கேட்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

இப்போது அட்டாக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேகப்படுத்துங்கள். 30 மில்லி விநாடி, 20, 10, 5 என்று இறங்கும்போது சொற்களின் தொடக்கத்தைக் கவனியுங்கள். க, ட, ப போன்ற வல்லின எழுத்துகளின் கூர்மை ஓரிடத்தில் மழுங்கும். பாடகர் ஓரடி பின்னால் போய் நின்றது போலிருக்கும். அந்த இடம் தெரிந்ததும் சற்றே திரும்பி வாருங்கள். குரலுக்கு முன்னால் நிற்கும் தெளிவு வேண்டுமென்றால் மெதுவான பக்கம். அடங்கிப் பின்னால் இருக்க வேண்டுமென்றால் வேகமான பக்கம்.

அடுத்து ரிலீஸ். வேகமாக இருக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் குரல் எழும்பி எழும்பி அடங்குவது கேட்கும். 'பட்டு', 'பக்கம்' போன்ற சொற்களில் இது நன்றாகத் தெரியும். இரட்டித்த வல்லினத்துக்கு முன் ஒரு நொடிப் பொழுது வாய் மூடுகிறதே, அந்த இடைவெளியில் கம்ப்ரஸர் பிடியை விட்டுவிடும். அடுத்த எழுத்து வெடித்து வரும்போது மறுபடி பாய்ந்து பிடிக்கும். ரிலீஸை மெதுவாக்கிக்கொண்டே போங்கள். இந்தத் துடிப்பு மறைந்து, ஒரு சொற்றொடர் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பும் இடம் ஒன்று கிடைக்கும். அதற்கும் மேலே போனால், ஓங்கிய சொல்லுக்குப் பின்னால் வரும் மெல்லிய சொல்லும் சேர்ந்து அமுங்கிவிடும்.

இரண்டும் அமைந்த பிறகு ரேஷியோவை 3:1-க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் த்ரெஷோல்டை மேலே ஏற்றி, ஓங்கிய இடங்களில் 3 முதல் 6 டெசிபல் குறையும்படி வையுங்கள். போதும்.

பேஸ் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் போட்டால் கரகரவென்று வருகிறது. பிளகின் கோளாறா?

பிளகினில் கோளாறு இல்லை. அட்டாக்கும் ரிலீஸும் மிக வேகமாக இருக்கின்றன.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அப்படியென்றால் ஒரு முழு அலைக்கு ஏறக்குறைய 24 மில்லி விநாடி ஆகும். உங்கள் அட்டாக் 1 மில்லி விநாடி, ரிலீஸ் 10 மில்லி விநாடி என்றால், கம்ப்ரஸர் ஒவ்வோர் அலையின் உச்சியிலும் பிடித்து, அது இறங்கும்போது விட்டு, மறுபடி பிடிக்கிறது. ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டியது, அலையின் வடிவத்தையே கடித்துவிடுகிறது. அதுதான் அந்தக் கரகரப்பு. ரிலீஸை 80, 100 மில்லி விநாடிக்கு மேல் கொண்டுபோங்கள். அட்டாக்கையும் 10-க்குக் கீழே வைக்காமல் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ராக் இசையில் அந்தக் கரகரப்பையே வேண்டி வைப்பவர்களும் உண்டு, அது வேறு கதை.

ரெக்கார்ட் செய்யும்போதே கம்ப்ரஸரும் ஈக்யூவும் போட்டுவிடலாமா?

போட்டால் திருப்பி எடுக்க முடியாது என்பது தெரிந்து போடுவதாக இருந்தால் போடலாம்.

டேப் காலத்தில் ரெக்கார்டிங்கிலேயே அழுத்திவிட வலுவான காரணம் இருந்தது. டேப்புக்குத் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. மெதுவான இடங்கள் அதில் மூழ்காமல் இருக்க, ஒலியை முடிந்தவரை மேலே வைத்துப் பதிய வேண்டியிருந்தது. 24 பிட் டிஜிட்டலில் அந்த நெருக்கடி இல்லை. 16 பிட்டின் வீச்சு கணக்குப்படி 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144. நடைமுறையில் மைக்கும் ப்ரீஆம்பும் அறையும் தரும் இரைச்சல்தான் எல்லை போடும், பிட்டுகள் இல்லை.

என் பரிந்துரை: அடி ஒலியை வெட்டும் மைக்கின் ஹை-பாஸ் சுவிட்சைத் தேவைப்பட்டால் போடுங்கள், வன்பொருள் கம்ப்ரஸர் கையில் இருந்தால் 2, 3 டெசிபல் மட்டும் தொடட்டும், மற்றதை மிக்ஸிங்குக்கு விடுங்கள். பாடுபவரின் ஹெட்ஃபோனுக்கு மட்டும் கம்ப்ரஷனைக் கொடுத்து, ட்ராக்கில் சுத்தமாகப் பதிவது இன்னும் நல்லது. தன் குரல் சமமாகக் கேட்கும்போது பாடுபவர் நிம்மதியாகப் பாடுவார்.

எவ்வளவு லெவலில் பதிவது?

உச்சங்கள் -12 முதல் -8 வரை, சராசரி -18 சுற்றி. பூஜ்யத்தைத் தொட்டு கிளிப் ஆனால் (அலையின் உச்சி வெட்டுப்பட்டால்) அந்த டேக் போச்சு; கம்ப்ரஸர் அதைக் காப்பாற்றாது. ஒத்திகையில் பாடுவதைவிட நிஜ டேக்கில் எல்லோரும் சத்தமாகப் பாடுவார்கள், அதற்கும் இடம் விட்டுவையுங்கள்.

குரலில் 'பூம்' என்று அடிப்பகுதி அதிகமாக இருக்கிறது. எந்த ஹெர்ட்ஸைக் குறைப்பது?

குறைப்பதற்கு முன், பாடியவர் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றார் என்று பாருங்கள். கார்டியாய்டு போன்ற திசைசார் மைக்குகளில், வாய் நெருங்க நெருங்க அடி ஒலி ஏறும். ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளி நின்று, மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி இன்னொரு டேக் எடுத்தால், பிறகு ஈக்யூவில் அரை மணி நேரம் தேட வேண்டியிருக்காது. 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிப்பதும் இதில் குறையும்.

மறுபடி எடுக்க வழியில்லை என்றால் 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை தேடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: பாடும்போது பலர் முன்னும் பின்னும் அசைவார்கள். நெருங்கும் வரியில் மட்டும் பூம், மற்ற வரிகளில் சரியான அளவு. அங்கே நிரந்தரமாக 4 டெசிபல் வெட்டினால் நல்ல வரிகள் மெலிந்துவிடும். அந்த இடத்துக்கு டைனமிக் ஈக்யூதான் சரி. அடி ஒலி ஒரு கோட்டைத் தாண்டும்போது மட்டும் அது குறைக்கும்.

எந்த ஹெர்ட்ஸில் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு உண்டா?

வரைபடங்கள் நிறையக் கிடைக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தேடத் தொடங்கும் இடம் தெரிந்தால் போதும்.

பேசும் குரலின் அடிப்படை ஸ்வரம் ஆண்களுக்குச் சுமாராக 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 165 முதல் 255. பாடும்போது இது நன்றாக மேலே போகும். 200 முதல் 400 வரை உடல்கட்டும் இருக்கிறது, சேறும் இருக்கிறது. ஒரு ட்ராக்கில் அழகாக இருக்கும் 300 ஹெர்ட்ஸ், பத்து ட்ராக்குகள் சேரும்போது மூட்டமாகிவிடும். 500-ஐ ஒட்டி அட்டைப் பெட்டிக்குள் இருந்து பேசுவது போன்ற ஒலி. 800 முதல் 1,200 வரை மூக்கால் பாடுவது போன்ற தன்மை. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை சொல் தெளிவு. நம் காது கூர்மையாக இருக்கும் பகுதியும் அதுதான். அதனால் அங்கே 2 டெசிபல் என்பது பெரிய விஷயம், அளவு மிஞ்சினால் காது களைத்துவிடும். 5 முதல் 8 வரை சீறல். 10-க்கு மேலே காற்றோட்டம் போன்ற ஒரு திறப்பு.

ஈக்யூவில் கூட்டக்கூடாது, குறைக்கத்தான் வேண்டும் என்கிறார்களே?

அரை உண்மை. கூட்டுவதால் ஒலி கெடாது. டிஜிட்டல் ஈக்யூவில் 3 டெசிபல் கூட்டுவதும் குறைப்பதும் கணக்கில் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை, அவ்வளவுதான். 'குறை' என்ற அறிவுரைக்குப் பின்னால் இருப்பது வேறு: கூட்டினால் சத்தம் ஏறும், ஏறினால் காது ஏமாறும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. குறுகலான க்யூ (ஈக்யூ தொடும் பகுதியின் அகலம்) வைத்து 12 டெசிபல் கூட்டி, இடமிருந்து வலமாக இழுத்து, 'அசிங்கமாகக் கேட்கும் இடத்தை வெட்டு' என்று ஒரு முறை பரவலாக இருக்கிறது. 12 டெசிபல் கூட்டினால் எந்த ஒலியும் எங்கேயும் அசிங்கமாகத்தான் கேட்கும். முதலில் ஈக்யூவைத் தொடாமல் கேளுங்கள். 'மூக்கடைப்பாக இருக்கிறது', 'காதில் குத்துகிறது' என்று குறையை வாயால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அதைத் தேடிப் போகலாம். சொல்லத் தெரியவில்லை என்றால் அங்கே வெட்ட ஒன்றும் இல்லை. இல்லாத குறைக்காக ஐந்து இடத்தில் ஓட்டை போட்ட குரல்களை நிறையக் கேட்கிறோம், உயிரில்லாமல் இருக்கும்.

பொதுவாக, குறைக்கும்போது குறுகலாகவும் கூட்டும்போது அகலமாகவும் வைத்தால் காதுக்கு இயல்பாக இருக்கும்.

எல்லா ட்ராக்கிலும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டுவிடலாமா?

எல்லாவற்றிலும் வேண்டாம். குரல், கிட்டார், வயலின் போன்றவற்றில் 60, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மின்விசிறி, மைக் ஸ்டாண்டில் கால் பட்ட அதிர்வு, தெருவில் போகும் வண்டி. அதை எடுத்துவிடுவது நல்லது. ஆனால் 150, 200 வரை ஏற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு ட்ராக்கும் தனியாகச் சுத்தமாகவும் மொத்த மிக்ஸ் சோகை பிடித்தும் இருக்கும்.

இன்னொன்று: ஃபில்டர் ஃபேஸைத் (அலையின் பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் நேர ஒழுங்கைத்) திருப்பும். அதனால் அடியை வெட்டிய பிறகு உச்ச லெவல் குறையாமல் சில சமயம் கூடவும் செய்யும். மீட்டரைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஈக்யூ முதலிலா, கம்ப்ரஸர் முதலிலா?

கம்ப்ரஸர் தனக்கு வந்து சேருவதைக் கேட்டுத்தான் வேலை செய்யும். ட்ராக்கில் அடிப்பகுதியில் தேவையற்ற உறுமல் இருந்தால், கம்ப்ரஸர் குரலை விட்டுவிட்டு உறுமலுக்கு ஆடும். எனவே வேண்டாததை எடுக்கும் ஈக்யூ கம்ப்ரஸருக்கு முன்னால். வேண்டியதைக் கூட்டும் ஈக்யூ பின்னால். இதுவே பலருக்கும் ஒத்துவரும் வரிசை.

மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 3 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் கூட்டிவிட்டுக் கம்ப்ரஸருக்கு அனுப்பினால், நீங்கள் கூட்டிய இடமே அதைத் தூண்டிவிடும். கூட்டியதில் ஒரு பங்கு திரும்பக் குறைந்துவிடும். சில சமயம் அதுவே மென்மையாக இருக்கும். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் போட்டபின் ஸ, ஷ எல்லாம் சீறுகிறது. ஏன்?

'ஆ' என்ற உயிரொலியில் ஆற்றல் அதிகம். கோட்டைத் தாண்டும், கம்ப்ரஸர் அழுத்தும். 'ஸ்' என்ற ஒலி காதுக்குக் கூராக இருந்தாலும் மீட்டரில் அதைவிடக் கீழே நிற்கும். பல சமயம் கோட்டைத் தொடாது. ஆக, உயிர் ஒலிகள் அழுந்த, சீறல் அப்படியே நிற்க, மேக்கப் கெயின் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறது. மிஞ்சுவது சீறல்.

சீறலை மட்டும் குறைக்கும் டி-எஸ்ஸரைக் கம்ப்ரஸருக்குப் பிறகு வையுங்கள். 'ஸ' பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 'ஷ' அதற்குக் கீழேயே தொடங்கிவிடும். பிளகினில் 'குறைப்பதை மட்டும் கேள்' என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தித் தேடுங்கள். சீறல் மட்டும் கேட்க வேண்டும். சொற்களும் கேட்டால் அதிகமாகப் பிடிக்கிறது. பாடுபவருக்கு நாக்குத் தடித்தது போல ஆனால் எல்லை தாண்டிவிட்டீர்கள். நான்கைந்து இடத்தில் மட்டும் குறை என்றால், அந்த எழுத்துகளைக் கையால் தேர்ந்தெடுத்து 4, 5 டெசிபல் இறக்குவதே சுத்தம்.

பிளகினைப் போட்டதும் ஒலி நன்றாகிவிடுகிறது. மறுநாள் கேட்டால் சகிக்கவில்லை. என்ன நடக்கிறது?

சத்தம் ஏறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஒரே ஒலியை 1 டெசிபல் கூட்டிக் கொடுத்தால் 'சத்தம் கூடியது' என்று மனம் சொல்லாது. 'நன்றாக இருக்கிறது', 'நிறைவாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். சத்தம் ஏறினால் அடி ஒலி நமக்கு விகிதத்தை மீறிக் கூடுதலாகக் கேட்கும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பிளகின் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே அமைத்துத் தரும் ப்ரீசெட்டுகள் பலவும் சத்தத்தை ஏற்றியே வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மருந்து எளிது. பிளகினைத் தற்காலிகமாக விலக்கும் பைபாஸை அழுத்தியும் விடுத்தும் கேட்கும்போது இரண்டும் ஒரே சத்தமாக இருக்கும்படி அவுட்புட்டைச் சரிசெய்யுங்கள். கண்ணை மூடி, எது எது என்று தெரியாமல் நாலைந்து முறை பொத்தானை அழுத்திவிட்டு, பிடித்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பாதி நேரம் பைபாஸில்தான் நிற்கும். இந்தச் சோதனையில் தேறாத எந்தப் பிளகினையும் எடுத்துவிடலாம். மிக்ஸில் பிளகின்களின் எண்ணிக்கை சரசரவென்று குறையும்.

ஸோலோவில் (தனியாக ஒலிக்கவிட்டால்) குரல் பிரமாதமாக இருக்கிறது, மிக்ஸில் காணாமல் போகிறது.

ஒரே பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால் வலுவானது மற்றதை மறைக்கும். குரலின் தெளிவு இருக்கும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இரண்டு கிட்டாரும் ஒரு கீபோர்டும் நின்றால், குரலை எவ்வளவு ஏற்றினாலும் போராட்டம்தான். குரலை விட்டுவிட்டு, கிட்டாரில் அந்தப் பகுதியை அகலமாக 2 டெசிபல் குறையுங்கள். கிட்டாரை ஸோலோவில் கேட்டால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். கேட்பவர் யாரும் அதை ஸோலோவில் கேட்கப் போவதில்லை.

ஸோலோ பொத்தான் கிளிக், இரைச்சல், தவறான எடிட் கண்டுபிடிக்க. ஈக்யூ முடிவுகளை எல்லா ட்ராக்கும் ஓடும்போது எடுங்கள், அதுவும் மெதுவான சத்தத்தில். மெதுவாக வைத்தும் குரல் புரிந்தால் இடம் சரியாக இருக்கிறது.

மெதுவான சரணம், கத்தும் பல்லவி. ஒரே கம்ப்ரஸர் சமாளிக்குமா?

சமாளிக்காது. 15 டெசிபல் வித்தியாசத்தை ஒரே கம்ப்ரஸரிடம் கொடுத்தால் சரணத்தில் தூங்கும், பல்லவியில் கழுத்தை நெரிக்கும். முதலில் கையால் சமப்படுத்துங்கள்: வேவ்ஃபார்மில் சொற்றொடர் சொற்றொடராகக் கிளிப் கெயினை ஏற்றி இறக்கி, முரட்டு வித்தியாசத்தைக் குறையுங்கள். ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம். அது வீண் போகாது. பிறகு இரண்டு கம்ப்ரஸர்களை அடுத்தடுத்து வைக்கலாம். முதலாவது வேகமாக, துருத்தும் உச்சங்களில் 3 டெசிபல். இரண்டாவது மெதுவாக, மொத்தக் குரலையும் 3 டெசிபல். ஒன்றே 6 டெசிபல் பிடிப்பதைவிட இது காதுக்குத் தெரியாமல் நடக்கும். கடைசியில் ஃபேடர் ஆட்டோமேஷன், அதாவது பாட்டின் ஓட்டத்தில் சத்த அளவை ஏற்றி இறக்குவதைப் பதிந்துவைப்பது.

1176, எல்ஏ-2ஏ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

இரண்டும் 1960-களின் வன்பொருள் கம்ப்ரஸர்கள். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது அவற்றைப் பின்பற்றிய பிளகின்களை.

பில் புட்னம் வடிவமைத்த 1176 டிரான்சிஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதன் அட்டாக் 20 மைக்ரோ விநாடியிலிருந்து 800 மைக்ரோ விநாடி வரை. அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லி விநாடியைத் தொடாது. ரிலீஸ் 50 முதல் 1,100 மில்லி விநாடி. புதிதாகத் தொடுபவர்கள் தடுமாறும் இடம்: அதன் குமிழ்கள் தலைகீழ். 7 என்பது வேகம், 1 என்பது மெதுவு. த்ரெஷோல்ட் குமிழும் கிடையாது. இன்புட்டைக் கூட்டினால் அதிகம் அழுத்தும்.

எல்ஏ-2ஏ-யில் ஒரு சின்ன ஒளிப் பலகையும் ஒளிக்கு ஏற்பத் தடை மாறும் ஒரு செல்லும் உள்ளே இருக்கின்றன. ஒலி கூடினால் வெளிச்சம் கூடும், வெளிச்சம் கூடினால் அழுத்தம் கூடும். அட்டாக் சுமார் 10 மில்லி விநாடி. ரிலீஸ் இரண்டு கட்டமாக நடக்கும்: பாதிப் பிடியை 60 மில்லி விநாடியில் விட்டுவிட்டு, மீதியைச் சில விநாடிகள் எடுத்துக்கொண்டு மெல்ல விடும். குரல் அதில் வழுக்கிக்கொண்டு போவது போல இருப்பதற்குக் காரணம் இந்த இரண்டாம் கட்டம்தான்.

முன் கேள்வியில் சொன்ன 'முதலில் வேகமானது, அடுத்து மெதுவானது' என்ற ஜோடிக்கு இவை இரண்டும் பொருந்துவதால்தான் குரலுக்கு இந்த வரிசை இவ்வளவு பிரபலம். உங்கள் மென்பொருளோடு வந்த சாதாரணக் கம்ப்ரஸர்கள் இரண்டை வைத்தும் இதற்குப் பக்கத்தில் போய்விடலாம்.

கம்ப்ரஷனுக்குப் பிறகு அறை இரைச்சலும் மூச்சும் பெரிதாகக் கேட்கின்றன.

9 டெசிபல் அழுத்தி 9 டெசிபல் மேக்கப் கொடுத்தால், பாடாத இடத்தில் இருக்கும் எல்லாமும் 9 டெசிபல் ஏறும். மின்விசிறி, கணினி, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, எல்லாம். எதிரொலிக்கும் அறையில் பதிந்த குரலை அதிகம் அழுத்த முடியாததற்கு இதுவே காரணம். வரிகளுக்கு இடையே வெறுமையான இடங்களை வெட்டி, ஓரங்களில் மென்மையாக ஃபேட் போடுங்கள். மூச்சை மட்டும் முழுக்க வெட்டாதீர்கள். 6 டெசிபல் இறக்கினால் போதும். மூச்சே விடாமல் பாடும் குரல் கேட்பவருக்கு ஏதோ உறுத்தும்.

பேரலல் கம்ப்ரஷன்?

ட்ராக்கின் நகல் ஒன்றைக் கொடூரமாக அழுத்தி, அசலின் அடியில் மெல்லக் கலப்பது. அசலின் தாக்கம் அப்படியே இருக்க, மெல்லிய ஒலிகள் மட்டும் மேலே வரும். டிரம்முக்கு மிக நன்றாக வேலை செய்யும். நகல் இருப்பது தெரியாமல், அணைத்தால் மட்டும் எதையோ இழந்தது போலிருந்தால் அளவு சரி. பல பிளகின்களில் 'மிக்ஸ்' என்ற குமிழே இதைச் செய்துவிடும்.

டிரம், மொத்த மிக்ஸ் போன்றவற்றில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்கும்போதெல்லாம் எல்லாம் உள்ளே போய் வெளியே வருகிறது.

அடி ஒலியில் ஆற்றல் அதிகம், அதுதான் கம்ப்ரஸரை ஆட்டுகிறது. கம்ப்ரஸரில் சைட்செயின் ஃபில்டர் இருந்தால் 100 ஹெர்ட்ஸ் வரை வையுங்கள். ஒலியில் அடி வெட்டப்படாது. கம்ப்ரஸர் கேட்கும் பிரதியில் மட்டும் வெட்டப்படும். மொத்த மிக்ஸில் 2:1, அட்டாக் 30 மில்லி விநாடி, உச்சத்தில் 1 அல்லது 2 டெசிபல். ரிலீஸுக்குப் பாட்டின் வேகத்தைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி, மீட்டர் அதற்குள் திரும்பி வர வேண்டும்.

மல்டிபேண்ட் கம்ப்ரஸர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ எல்லாம் தேவையா?

தொடக்கத்தில் தேவையில்லை. ஒலியைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அழுத்தும் மல்டிபேண்ட் என்பது மூன்று, நான்கு கம்ப்ரஸர்களை ஒரே சமயத்தில் தவறாக வைக்க வாய்ப்பு கொடுக்கும் கருவி. லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஃபேஸைத் திருப்பாது. அதற்கு விலையாகத் தாமதமும், கூர்மையான அடிகளுக்கு முன்னால் ஒரு மெல்லிய முன்-அதிர்வும் வரும். கிக்கில் போட்டுக் கேட்டால் தெரியும். சாதாரண ஈக்யூவே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

முடித்த பாட்டு மற்ற பாட்டுகளைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது. இன்னும் அழுத்தட்டுமா?

எங்கே கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரீமிங் தளங்கள் பாட்டின் சராசரிச் சத்தத்தை அளந்து தாங்களே ஏற்றி இறக்குகின்றன. இந்த அளவுக்குப் பெயர் எல்யூஎஃப்எஸ்; அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்புக்கு -23 என்ற இலக்கு 2010-ல் வந்தது. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் -14-க்குக் கொண்டுவருகிறது. நீங்கள் -8 வரை நசுக்கி அனுப்பினால் அவர்கள் 6 டெசிபல் இறக்கிவிடுவார்கள். சத்தமும் இல்லை, உயிரும் இல்லை என்ற நிலை. அதற்காக எல்லாப் பாட்டையும் -14-லேயே நிறுத்த வேண்டும் என்றும் இல்லை. பாட்டுக்கு எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறதோ அங்கே நிறுத்தி, ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) -1 டெசிபலுக்கு மேல் போகாமல் பாருங்கள்.

ஒப்பிடும்போது மட்டும், வெளியான பாட்டை உங்கள் மிக்ஸின் சத்தத்துக்கு இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். அப்போதும் உங்களுடையது சின்னதாகக் கேட்டால், பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் குவிந்திருக்கும், அல்லது குரல் 1 டெசிபல் கீழே இருக்கும். உச்சத்தைத் தடுத்துச் சத்தத்தை ஏற்ற உதவும் லிமிட்டரைத் தொடும் முன் அந்த இரண்டையும் பாருங்கள்.

ப்ரீசெட் பயன்படுத்தலாமா?

ஈக்யூ ப்ரீசெட்டைத் தயாரித்தவர் உங்கள் குரலைக் கேட்டதில்லை. கம்ப்ரஸர் ப்ரீசெட்டில் அட்டாக், ரிலீஸ் ஓரளவு உதவும். த்ரெஷோல்ட் உதவவே உதவாது, ஏனென்றால் அது நீங்கள் பதிந்த லெவலைப் பொறுத்தது. ப்ரீசெட்டை ஏற்றினால் உடனே த்ரெஷோல்டைத் திருப்பி, கெயின் ரிடக்‌ஷன் மீட்டரைப் பாருங்கள். ஊசி அசையவே இல்லை என்றால் நீங்கள் பாராட்டிக்கொண்டிருந்தது மேக்கப் கெயினை.